வலப்பக்கத்திலிருந்து தொடங்கிய கதை

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அக்கா அந்தப் புத்தகத்தை எடுத்தபோது நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். பாத்திரம் கழுவிய ஈரம் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்காவிடம் அரபி ஓத வந்த பிள்ளைகள் அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்தபடியே கிடந்தது. அதன்மேல் பிஸ்கட் தூள், ஒரு ஹேர்பேண்ட், யாரோ கழற்றிப் போட்ட ஒற்றை சாக்ஸ். தினமும் அந்த நேரத்தில் அக்கா இதையெல்லாம் பொறுக்கி, எது எந்தப் பிள்ளையுடையது என்று பார்த்துத் தனியாக எடுத்து வைப்பாள். மறந்து விட்டுப்போகிற சிலேட்டுகளும் நோட்டுகளும் அந்தக் கீழ்த்தட்டில்தான் குவிந்து கிடக்கும்.

அவள் எடுத்தது பச்சைத் துணியில் கட்டிய ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் பெயர் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஓர் எழுத்துகூட இல்லை. ஏதோ ஒரு பிள்ளையின் காயிதா என்று நினைத்திருப்பாள். காயிதா என்பது அரபி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழக்கும் முதல் பாடப்புத்தகம். அரபி வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. அதனால் புத்தகத்தின் தையல் வலப்பக்கம் இருக்கும்; நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பது அங்கே முதல் பக்கம். சின்ன வயதிலிருந்தே அப்படித் திறந்து பழகிய கை அக்காவின் கை. புத்தகத்தை மடியில் வைத்து, தையல் வலப்பக்கம் வரும்படி திருப்பி, அட்டையைத் திறந்தாள்.

அது காயிதா இல்லை. நான் வரைந்த பூனைக் கதை. அக்காவின் கண்ணில் படவே கூடாது என்று அம்மா ஒளித்து வைத்திருந்த புத்தகம்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

வாயாடிக்கு வாய்த்த ஆராய்ச்சி

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் ஓவியம் படிக்கிறேன். கதைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் வரைகிற படிப்பு. கடைசி வருஷம் எல்லோரும் ஒரு தலைப்பை எடுத்து ஆராய வேண்டும். நான் எடுத்தது எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள். இந்தத் தொடரில் போன வாரம் அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு வாசகர் கேட்டுவிட்டார்: ‘எழுத்தே இல்லையென்றால் படிக்க என்ன இருக்கிறது? படத்தைப் பார்த்தால் தீர்ந்தது. இதில் ஆராய்ச்சி வேறா?’

ஐயா, நானும் அப்படித்தான் நினைத்தேன். சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் அந்தத் தலைப்பையே எடுத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“நீயா? பேச்சே இல்லாத புக்கா? தூக்கத்துல கூட நீ பேசிக்கினே இருப்பியேம்மா. அந்தப் புக்கு உங்கிட்ட மாட்டிக்கினு இன்னா பாடு படப்போவுதோ!”

கல்லூரி நூலகத்தில் அப்படி ஒரு புத்தகத்தை முதன்முதலாக எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் படத்தில் ஒரு ஜன்னல் மூடியிருந்தது. கடைசிப் படத்தில் அதே ஜன்னல் திறந்திருந்தது. நடுவில் ஒரு வீடும், ஒரு மழையும், ஒரு கிழவரின் முதுகும் மட்டும்தான். நின்றபடியே புரட்டி முடித்துவிட்டேன். அலமாரியில் திரும்ப வைக்கப் போனபோது ஒரு சந்தேகம் வந்தது. ஜன்னலைத் திறந்தது யார்? கிழவரா, காற்றா, அல்லது அவரைத் தேடி வந்த யாராவதா? மறுபடியும் பார்த்தேன். இன்னொரு கதை கிடைத்தது. தரையில் உட்கார்ந்து மூன்றாவது முறை பார்த்தேன். காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எழுத்துள்ள புத்தகத்தில் எழுதினவர் நம் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். இதில் கையை விட்டுவிடுகிறார். அப்படி விடுவதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று நினைத்து எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் சிலிர்க்கிறது.

ஆராய்ச்சியின் முறை இதுதான். ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். எதுவும் சொல்லக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார், எங்கே சிரிக்கிறார், எந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போகிறார் என்று மட்டும் கவனிக்க வேண்டும். எதுவும் சொல்லக் கூடாது என்ற அந்த விதிதான் என்னைக் கொன்றது. ஊருக்கு வந்திருந்தபோது ஏனாத்தூர் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “என்னாக்கா, வாந்தி வருதா?” என்று கேட்டு ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

குடை, வாத்து, வீடு

படத்தைப் படிப்பது எனக்குப் புதிதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் அத்தா, அதாவது அப்பா, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் அங்கேதான் போய் விழுவோம்.

கண் பரிசோதனைக்கு அங்கே இரண்டு அட்டைகள் தொங்கும். ஒன்றில் எழுத்துகள். இன்னொன்று எழுத்துத் தெரியாதவர்களுக்கு. அதில் குடை, வாத்து, வீடு, படகு என்று வரிசையாகப் படங்கள். மேலே பெரிசு, கீழே போகப் போகப் பொடிசு. எனக்கு எழுத்து அட்டை பிடிக்காது. அதில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பட அட்டையில்தான் வேடிக்கை.

குடையைப் பார்த்து ஒருவர் காளான் என்பார். வாத்தைப் பார்த்து ஒருவர் அன்னம் என்பார், சேலைக் கரையில் அன்னம் நெய்கிற ஊர்க்காரர் அவர். ஒருநாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு தறிக்காரம்மா படகைப் பார்த்து “நாடா” என்றார். தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டைதான் நாடா. இரண்டு முனையும் கூராக, நடுவில் குழிவாக, அசல் படகு மாதிரியே இருக்கும்.

“தப்பு, அது படகு!” என்று நான் கத்தினேன். அப்போதும் வாய் சும்மா இருக்காது.

அத்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரிம்மா, அடுத்தது இன்னா?” என்று குச்சியைக் கீழ் வரிசைக்கு நகர்த்தினார். அந்த அம்மாவின் கண் நன்றாகத்தான் தெரிகிறது, அத்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று முழுக்க ஆறவில்லை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அக்காவிடம் புலம்பினேன். அவள் என்னைவிட ஆறு வயது பெரியவள். “அந்தம்மா கண்ணுக்கு நாடாதான்டி. நீ எதுக்கு அடிச்சுக்கிற, தூங்கு” என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா எப்போதுமே அப்படித்தான். நான் பேசித் தீர்ப்பேன். அவள் ஒரு வரியில் முடிப்பாள்.

வேறு பக்கம் போன யானை

இந்த ஆராய்ச்சிக்காகத் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலுக்குப் போனேன். ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அங்கே மண்டபத்துக் கூரை முழுக்க ஓவியம். தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாக ஓடுகிறது. பிறப்பு, ஊர்வலம், ஆடுகிறவர்கள், யானை, பல்லக்கு. படங்களுக்குக் கீழே எழுத்தும் உண்டு. ஆனால் பல இடங்களில் மங்கிப் போய்விட்டது. இருக்கிற இடத்திலும் என்னால் படிக்க முடியவில்லை. எனக்கு அது எழுத்தில்லாத புத்தகம்தான்.

கொஞ்ச நேரத்தில் கழுத்து முறிந்துவிடும் போலிருந்தது. என் பையில் அத்தா கடையின் கைக்கண்ணாடி இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு நீட்டுவதற்காக வைத்திருப்பது. அதை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தேன். மொத்தக் கூரையும் என் கைக்குள் வந்துவிட்டது. சொகுசாக உட்கார்ந்து ஊர்வலத்தை வரைய ஆரம்பித்தேன். யானை முன்னால், கொடிகள், மேளம், பின்னால் பெண்கள், எல்லோரும் இடப்பக்கமாகப் போகிறார்கள்.

நிறைய வரைந்த பிறகு, ஒரு கொடியின் நிறத்தைச் சரிபார்க்க நிமிர்ந்து பார்த்தேன். யானை வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் மகளுக்குக் கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் தாளில் எல்லோரும் எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கூரையில் எல்லோரும் எங்கேயோ புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே யானை, ஒரே கொடி, ஒரே ஆட்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தேன். கும்பிட வந்த ஓர் அம்மா நின்று என்னைப் பார்த்தார்.

“கழுத்து வலிக்குதாம்மா? எங்க வீட்டுக்காரர் இங்க வந்தா தரையில படுத்துக்குவாரு. நீயும் படுத்துக்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

படுத்துக்கொண்டேன். கருங்கல் தரை முதுகில் சில்லென்று இருந்தது. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சாரம் கட்டி, இதே மாதிரி மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அந்த யானையை வரைந்திருப்பார். எந்தப் பக்கம் அது போக வேண்டும் என்று அவர் யோசித்திருப்பார். தன் முகத்துக்கு நேரே வண்ணம் சொட்டச் சொட்ட அதை நடக்க விட்டிருப்பார். எனக்கு ஏனோ கண்ணீர் வந்துவிட்டது. படுத்திருந்ததால் அது காதுக்குள் போனது.

பூனை

சுற்றியது போதும். பூனைக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியோடு நாங்களே ஒரு புத்தகமும் செய்து காட்ட வேண்டும். அச்சுக்குப் போவதற்கு முன் கையால் வரைந்து, தைத்து, ஒட்டிச் செய்கிற மாதிரிப் புத்தகத்தைக் கல்லூரியில் டம்மி என்போம். என் டம்மியில் எங்கள் வீடுதான் களம். மழையில் நனைந்த ஒரு பூனைக்குட்டியை ஒரு பெண் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள்; அது முதல் படம். குட்டி தன்னைவிடப் பெரிய கிண்ணத்தில் பால் குடிக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கூட்டில் சுருண்டு தூங்குகிறது. திரைச்சீலையில் தொங்குகிறது. வளர்கிறது. மீனைத் திருடிக்கொண்டு சுவரேறிக் குதிக்கிறது. பிறகு ஒருநாள் மதில்மேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த படத்தில் அந்தப் பெண் கிண்ணத்தோடு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். கடைசிப் படத்தில் மூலையில் கிண்ணம் மட்டும். அதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வெயில் விழுந்திருக்கிறது.

இதை நான் வரைந்து முடித்தபோது அக்காவுக்கு ஏழு மாதம்.

அக்கா வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் அங்கே பைக் மெக்கானிக். கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தேன். வந்து சேர்ந்தபோது, பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை என்று அத்தா ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னார். அவரும் மச்சானும் அன்றைக்கே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பையன்.

அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பேசினால் புண்ணைக் கிளறியது மாதிரி ஆகும் என்று அம்மா நினைத்தாள். தைத்து வைத்த சட்டைகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கைக்குழந்தையோடு யாராவது வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவாள். டிவியில் சோப்பு விளம்பரத்தில் குழந்தை வந்தால் அத்தா சேனலை மாற்றுவார். வெள்ளிக்கிழமை தோறும் மச்சான் வந்து, கூடத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, கடையில் நடந்ததை நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். “வரியா?” என்று அவர் கேட்க மாட்டார். “வர்றேன்” என்று அவளும் சொல்ல மாட்டாள். மழை பெய்து, வெயில் வந்து, நோன்பும் வந்து போய்விட்டது. அக்கா பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அலிஃப், பே என்று எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்க மட்டும்தான் அவள் குரல் வெளியே வந்தது.

எல்லோரும் அவளிடம் அவ்வளவு அன்பாக இருந்தோம். அந்த அன்பைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

டம்மியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா முதலில் பார்த்தாள். தன் பூப்போட்ட நைட்டியைப் படத்தில் பார்த்துச் சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் முகம் மாறிவிட்டது.

“ஷாயி, இத அவ கண்ணுல காட்டாத. அந்தக் கிண்ணத்தப் பாத்தா அவ இன்னா ஆவா? நானே தாங்கலியே.”

“அது பூனைக் கதைம்மா. அக்காவுக்கு அப்படி ஆவறதுக்கு முன்னாடியே வரைஞ்சது.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புக்கு வாய தொறந்து சொல்லுமா?”

அம்மா சொன்னது சரி. புத்தகம் சொல்லாது. எழுத்திருந்தால் ‘இது ஒரு பூனையின் கதை’ என்று ஒரு வரி காவல் நின்றிருக்கும். இதில் காவல் எதுவும் இல்லை. யார் பார்க்கிறார்களோ அவர்களுடைய வீடாகவே அது ஆகிவிடும். இந்த ஆராய்ச்சியில் நான் எதைக் கண்டு இத்தனை நாள் வாயைப் பிளந்தேனோ, அதுவே முதன்முதலாக என்னைப் பயமுறுத்தியது. புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைப் பிள்ளைகளின் சிலேட்டுகளுக்கு அடியில் செருகி வைத்தாள். ஓத வருகிற பிள்ளைகளின் குப்பைக்குள் யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அந்தக் குப்பையைத் தினமும் அக்காதான் ஒதுக்குகிறாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா படித்த கதை

ஆக, அக்கா புத்தகத்தைத் திறந்தாள். அவளுக்கு முதல் படமாக வந்தது காலிக் கிண்ணம்.

என் பின்னால் அம்மா வந்து நின்றது தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வெயில் விழுந்த இடத்தை விரலால் தொட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். கிண்ணத்தோடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். திருப்பினாள். மதில்மேல் ஒரு பெரிய பூனை, முதுகைக் காட்டிக்கொண்டு. பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுகிற மாதிரியே அவள் விரல் படத்தின் வலக் கோடியிலிருந்து மெதுவாக இடப்பக்கம் போயிற்று.

“ஷாயி” என்று நிமிராமலே கூப்பிட்டாள். “இது நீ வரைஞ்சதா?”

“ம்.”

“நம்ம வீடுதானே இது? அம்மா நைட்டி கூட அதேதான் போட்டிருக்குது.”

“ஆமாக்கா.”

“இந்தப் பூனை புதுசா வருது போல. பயந்துக்கினு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கினு இருக்குது பாரு. அம்மா பால வெச்சிக்கினு கூப்புட்டாலும் வர மாட்டேங்குது.”

வீட்டை விட்டுப் போகிற பூனையை நான் வரைந்திருந்தேன். அவள் வரப்போகிற பூனையைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்தேன்.

அடுத்தது மீன் திருடுகிற படம். அக்கா சிரித்தாள். சின்னதாகத்தான், ஆனால் சத்தமாக. அம்மாவின் பிடி என் கையில் இறுகியது. அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அதற்கப்புறம்தான் சிக்கல் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் பூனை சின்னதாகிக்கொண்டே போகும். எந்த ஊரில் பூனை அப்படி ஆகும்? கதை இங்கே உடைந்துவிடும், புத்தகத்தை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். திரைச்சீலையில் தொங்குகிற சின்னப் பூனையைப் பார்த்து அவள் கொஞ்சம் யோசித்தாள். மீன் படத்துக்குத் திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள்.

“அடியே, அதுக்குத்தானா!”

“எதுக்குக்கா?”

“மீன எடுத்துக்கினு ஓடுச்சே, அது திங்க இல்ல. சுவருக்கு அந்தாண்ட குட்டி போட்டு வெச்சிருக்குது. அதுக்குத்தான் கொண்டுபோவுது. இப்ப அந்தக் குட்டிய நம்ம வீட்ல கொண்டாந்து வுட்டிருக்குது.”

நான் வரைந்தது ஒரே பூனை. அந்த மீனை ஒரு திருட்டாக, சிரிப்புக்காக மட்டும் வரைந்தேன். அதே மீனை வைத்து அவள் ஒரு தாயைக் கண்டுபிடித்துவிட்டாள், ஒரு குட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்தப் படமும் அவள் கதைக்கு எதிராக நிற்கவில்லை. கண்ணாடிக் கூட்டில் குட்டி தூங்கியது. கிண்ணத்தில் பால் குடித்தது. மழை வந்தது. கடைசியில், அதாவது என் முதல் பக்கத்தில், நனைந்த குட்டியை அம்மா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நல்லா முடிச்சிருக்கடி” என்றாள் அக்கா. “கைல வந்துடுச்சு.”

அங்கேயே நான் விட்டிருக்கலாம். ஆராய்ச்சியின் விதியும் அதுதான். ஆனால் நான் நான்தானே.

“அக்கா, நீ கடைசியிலேர்ந்து பாத்துட்ட. இதுதான் ஆரம்பம். அந்தப் பக்கம் போவணும் கதை.”

அம்மா என் முழங்கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. அக்கா என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கங்களை மறுபக்கமாகத் திருப்ப ஆரம்பித்தாள். குட்டி பால் குடித்தது. தூங்கியது. தொங்கியது. வளர்ந்தது. மதில்மேல் ஏறி முதுகைக் காட்டியது. வாசலில் அந்தப் பெண் நின்றாள். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அவள் அதைத் திருப்பவில்லை. விரல் அந்தப் பெண்ணின் மேலேயே இருந்தது.

“இவங்க கூப்புடுறாங்கல்ல? வாய் தொறந்திருக்குது.”

“ஆமா.”

“இன்னா பேரு சொல்லிக் கூப்புடுறாங்க?”

“பேரு வைக்கலக்கா. எழுத்தே இல்லாத புக்காச்சே.”

“பேரில்லாம எப்படிக் கூப்புடுவாங்க?”

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். அக்கா பக்கத்தைத் திருப்பினாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் குரல் ரொம்பச் சாதாரணமாகத்தான் இருந்தது.

“நான் பேரு வெச்சிருந்தேன். யாருமே கேக்கல.”

அம்மா என் கையை விட்டுவிட்டாள். என்னை விலக்கிவிட்டுப் போய் பாயில், அந்தப் பிஸ்கட் தூளின் மேலேயே, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“இன்னா பேரும்மா?”

“யூனுஸ்.”

அம்மா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வெளியே கேட்கும்படி சொன்னாள். அப்புறம் அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். அக்காவும் அழுதாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அது முடிகிற வரைக்கும் மூவரும் அப்படியே இருந்தோம்.

போன மாதம் என் டம்மியைப் பார்த்த கல்லூரி மேடம், அட்டையில் தலைப்பாவது வைக்கச் சொன்னார். எது முன்பக்கம் என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். தெரிய வேண்டாம் மேடம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். ஏன் என்பதை அங்கே சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்குத் தொழுதுவிட்டு வந்ததும் அக்கா என்னிடம் போனைக் கேட்டாள். மச்சானைக் கூப்பிட்டாள். அவர் கடையில் இருந்தார். ஒரு பைக்கை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருப்பார் போல, அந்தச் சத்தம் போன் வழியாக எங்கள் கூடம் முழுக்கக் கேட்டது. வெள்ளிக்கிழமையும் இல்லாமல் அவளே கூப்பிட்டதில் அவர் பதறிவிட்டார்.

“இன்னாச்சு மும்தாஜ்? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் அக்கா. “நம்ம புள்ளைக்கு நான் வெச்ச பேரச் சொல்லணும். கேக்குறீங்களா?”

பைக்கின் சத்தம் நின்றது.